கரையான்: முதலில் பார்ப்போம், பிறகு மருந்து வைப்போம்

கரையானைத் தெரியாதவர் உண்டா?

மழை பெய்த அன்று மாலை விளக்கைச் சுற்றி ஈசல் பறக்கும். ஈசலும் கரையான்தான். வயல் ஓரத்தில் புற்று நிற்கும். அதைக் கட்டியதும் கரையான்தான். வாசல் நிலையில் மண் கோடு ஏறும். அதுவும் கரையானின் வேலைதான்.

கரையான் ஏழை வீடு, பணக்கார வீடு என்று பார்ப்பதில்லை. 2011ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி மாவட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? அங்கே ஒரு வங்கிக் கிளை. பெட்டியில் வைத்திருந்த ரூபாய் நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது. சுமார் 1 கோடி ரூபாய் நோட்டுகள் பாழாயின.

வங்கிக்கே இந்தக் கதி. நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் என்ன இருக்கிறது? ரேஷன் கார்டு இருக்கிறது. பட்டா இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது. நம் தலைக்கு மேலே உத்திரம் இருக்கிறது. இவற்றைக் காப்பாற்ற வேண்டாமா?

நிலையில் மண்ணைப் பார்த்ததும் நாம் என்ன செய்கிறோம்? துடைப்பத்தால் தட்டிவிடுகிறோம். மண்ணெண்ணெய் ஊற்றுகிறோம். வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்தைத் தெளிக்கிறோம். பத்து நாள் கழித்து வேறு இடத்தில் மண் ஏறுகிறது.

பிறகு ஒருவர் வருகிறார். "கரையானுக்குத் தீனிப் பெட்டி வைக்கிறேன். இத்தனை ஆயிரம் ஆகும்" என்கிறார். நாமும் பணத்தைக் கொடுக்கிறோம். சில வீடுகளில் தொல்லை தீருகிறது. சில வீடுகளில் தீருவதில்லை. ஏன்?

நோய் என்ன என்று பார்க்காமல் மருந்து சாப்பிடலாமா? கூடாது. கரையானுக்கும் அதே கதைதான். முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும். பிறகுதான் மருந்து. எப்படிப் பார்ப்பது? வாருங்கள், படிப்போம்.

கரையான் எப்படி வாழ்கிறது?

கரையான் கூட்டமாக வாழும் பூச்சி. கூட்டத்தில் ஒரு ராணி உண்டு. ராஜா உண்டு. காவல் காக்கும் சிப்பாய்கள் உண்டு. மற்றவை எல்லாம் வேலைக்காரக் கரையான்கள். நம் மரத்தைத் தின்பவை இந்த வேலைக்காரக் கரையான்கள்தான்.

ராணி பல ஆண்டுகள் உயிர் வாழும். புற்றுக் கரையானின் ராணி ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நிலையில் ஓடும் நூறு கரையானைக் கொன்றால் கூட்டம் அழியுமா? அழியாது. நாளைக்கு வேறு நூறு வரும்.

வேலைக்காரக் கரையானின் உடம்பு மெல்லியது. வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்து செத்துவிடும். அதனால் அது வெளியே நடமாடுவதில்லை. மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் குழாய் கட்டும். அந்தக் குழாய்க்கு உள்ளேயே போகும், வரும். நாம் பார்க்கும் மண் கோடு அந்தக் குழாய்தான்.

கரையானுக்கு இரண்டு வேண்டும். ஒன்று தீனி. மரம், காகிதம், அட்டை, சாக்கு, பருத்தித் துணி எல்லாம் அதற்குத் தீனி. இன்னொன்று ஈரம். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் கரையான் வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரையானிலும் வகை உண்டு. ஒரு வகை மண்ணுக்குள் கூடு கட்டும். அங்கிருந்து குழாய் கட்டி வீட்டுக்குள் ஏறும். இதை மண் கரையான் என்போம். இன்னொரு வகைக்கு மண் வேண்டாம். காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். கட்டில், பீரோ, ஜன்னல் சட்டம் எதுவானாலும் போதும். இதை மரக் கரையான் என்போம். கடலோர ஊர்களில் இதை அதிகம் பார்க்கலாம்.

தீனிப் பெட்டி எப்படி வேலை செய்கிறது?

தீனிப் பெட்டியைச் சிலர் 'பெய்ட்' என்பார்கள். எலிக்கு வைக்கும் மருந்து உங்களுக்குத் தெரியும். இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு.

எலி மருந்து தின்ற எலியைக் கொல்லும். கரையான் தீனி கூட்டத்தையே அழிக்கப் பார்க்கும். எப்படி? பாம்பு சட்டை உரிப்பதைப் பார்த்திருக்கிறோம். கரையானும் அப்படித் தோல் உரித்துத்தான் வளரும். தீனியில் கலந்த மருந்து புதுத் தோல் உண்டாகாமல் தடுக்கும். தோல் உரிக்க முடியாத கரையான் செத்துவிடும்.

மருந்து உடனே கொல்லாது. அதுதான் இதன் சூட்சுமம். தின்ற கரையான் கூட்டுக்குத் திரும்பிப் போகும். அங்கே மற்றக் கரையானுக்கு வாயால் ஊட்டும். இப்படி மருந்து கூட்டம் முழுவதும் பரவும். வேலைக்காரக் கரையான்கள் குறையும். ராணிக்குத் தீனி கொடுக்க ஆள் இருக்காது. கூட்டம் அழியும். இதற்குச் சில மாதங்கள் ஆகும்.

இந்த முறை அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. பிறகு நம் நாட்டுக்கும் வந்தது.

இப்போது யோசியுங்கள். கரையான் தீனியைத் தின்றால்தான் வேலை நடக்கும். அது அந்தப் பக்கமே வராவிட்டால்? பணம் போனதுதான் மிச்சம். ஆகவே மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்.

1. வீட்டில் கரையான் உயிரோடு இருக்கிறதா?
2. அது எந்த வகை?
3. அது எந்த வழியில் வந்து போகிறது?

இந்த மூன்றுக்கும் விடை தேடுவதுதான் வீட்டைப் பார்க்கும் வேலை.

என்னென்ன சாமான் வேண்டும்?

ஒரு டார்ச் விளக்கு. ஒரு நீண்ட திருப்புளி. ஒரு சாக்பீஸ். ஒரு நோட்டு. ஒரு பென்சில். இவ்வளவு போதும். கூட ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். ஏணியைப் பிடிக்கவும், எழுதவும் உதவியாக இருக்கும்.

முதலில் வீட்டுக்கு வெளியே

வாசலில் தொடங்குங்கள். சுவரை ஒட்டியே நடந்து ஒரு சுற்று வாருங்கள். மீண்டும் வாசலுக்கே வந்து சேருங்கள். ஓர் அடிகூட விடாதீர்கள்.

சுவரின் அடியில் மண் குழாய் ஏறுகிறதா? பென்சில் பருமனுக்கு இருக்கும். சில இடங்களில் பரவலாக மண் பூசியதுபோல இருக்கும்.

சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருக்கிறீர்களா? விறகின் அடிக்கட்டையைப் புரட்டிப் பாருங்கள். எருமுட்டை, ஓலை, பழைய பலகை, அட்டைப் பெட்டி ஆகியவற்றையும் பாருங்கள்.

வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மண்ணில் நிற்கிறதா? பந்தல் கால் மண்ணில் புதைந்திருக்கிறதா?

குளியலறைத் தண்ணீர் சுவர் ஓரத்தில் தேங்குகிறதா? குழாய் ஒழுகுகிறதா? கூரைத் தண்ணீர் சுவரில் வழிகிறதா?

பக்கத்தில் புற்று இருந்தால் கையை விடாதீர்கள். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்பது பழமொழி மட்டும் அல்ல. உண்மையிலேயே பாம்பு இருக்கும். பல ஊர்களில் புற்றை மக்கள் கும்பிடுகிறார்கள். அந்தப் புற்றை ஒன்றும் செய்ய வேண்டாம். புற்றின் மேல்பகுதியை இடித்தாலும் ராணி உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும்.

பிறகு வீட்டுக்கு உள்ளே

வாசல் நிலையின் இரண்டு கால்களையும் பாருங்கள். கரையான் ஏறுவதற்கு அது நல்ல இடம். நிலையின் கால் தரைக்குள் புதைந்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

திருப்புளியின் கைப்பிடியால் மரத்தைத் தட்டுங்கள். நல்ல மரம் 'டங்' என்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். உள்ளே அரித்த மரம் 'டொப்' என்று சத்தம் கொடுக்கும். சந்தேகம் வந்தால் திருப்புளியின் முனையால் மெதுவாக அழுத்துங்கள். மேலே வர்ணம் அழகாக இருக்கும். உள்ளே முனை பொசுக்கென்று இறங்கிவிடும்.

ஒவ்வொரு ஜன்னலையும் பாருங்கள். சுவரும் தரையும் சேரும் இடத்தைப் பாருங்கள். தரை வெடிப்பைப் பாருங்கள். தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள்.

மின்சார சுவிட்சுப் பலகையைச் சுற்றிலும் பாருங்கள். ஆனால் அங்கே திருப்புளியை விடாதீர்கள். கண்ணால் பார்த்தால் போதும்.

சாமான்களை நகர்த்துங்கள். பீரோவின் பின்பக்கம், சுவரில் மாட்டிய படத்தின் பின்பக்கம், டிரங்குப் பெட்டியின் அடிப்பக்கம் எல்லாம் பாருங்கள். பெட்டியைத் திறந்து காகிதங்களைப் புரட்டுங்கள். புத்தக அடுக்கையும் பாருங்கள்.

குளியலறைச் சுவரின் மறுபக்கத்தை மறக்காதீர்கள். அங்கே எப்போதும் ஈரம் இருக்கும்.

கடைசியாக மேலே

பரணில் டார்ச் அடித்துப் பாருங்கள். உத்திரமும் வளையும் சுவரில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். ஓடு ஒழுகும் இடத்துக்குக் கீழே உள்ள கைமரத்தைப் பாருங்கள்.

உத்திரம் தொங்கியதுபோல இருக்கிறதா? அதன் கீழே நிற்காதீர்கள். படுக்காதீர்கள். உடனே ஆசாரியைக் கூப்பிடுங்கள். கரையானுக்கு மருந்து வைத்தாலும் அரித்த உத்திரம் மறுபடி பலம் பெறாது. முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். அல்லது மரத்தை மாற்ற வேண்டும்.

உயிரோடு இருக்கிறதா, பழசா?

மண் குழாயைக் கண்டுவிட்டீர்கள். உடனே துடைக்காதீர்கள்! குழாயின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் உடையுங்கள். உள்ளே வெள்ளையாகப் பூச்சி ஓடுகிறதா? ஓடினால் உயிர் உண்டு.

ஒன்றும் தெரியவில்லையா? பக்கத்தில் சாக்பீசால் ஒரு கோடு போடுங்கள். மூன்று நாள் கழித்துப் பாருங்கள். உடைத்த இடத்தைக் கரையான் மறுபடி கட்டியிருந்தால் அந்த வழி நடப்பில் இருக்கிறது. கட்டவில்லை என்றால் அந்த வழியை அது விட்டிருக்கலாம். வேறு வழியில் போகலாம். ஆகவே வீட்டை மறுபடியும் ஒரு சுற்றுப் பாருங்கள்.

எந்தப் பூச்சி?

மரத்தை அரிப்பது எல்லாம் கரையான் அல்ல. அடையாளம் பாருங்கள்.

ஈரமான மண் குழாய் இருக்கிறதா? அரித்த மரத்துக்குள் மண் அப்பியிருக்கிறதா? அது மண் கரையான்.

மண்ணே இல்லை. மரத்துக்குக் கீழே கசகசாபோலச் சின்னச் சின்ன மணிகள் குவிந்திருக்கின்றன. விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கின்றன. அது மரக் கரையானின் எச்சம்.

மரத்தில் குண்டூசி குத்தியதுபோல வட்ட ஓட்டைகள். கீழே மாவுபோலத் தூள் கொட்டியிருக்கிறது. இது கரையான் அல்ல. மரத்தை உளுக்க வைக்கும் வண்டு.

இறகுள்ள பூச்சி கிடந்தால் அது எறும்பா, கரையானா? எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும். முன் இறகு பெரியது. பின் இறகு சிறியது. ஈசலுக்கு இடுப்பு ஒடுங்காது. நான்கு இறகுகளும் ஒரே நீளம். வீட்டுக்குள் ஜன்னல் ஓரத்தில் வெறும் இறகுகள் குவிந்து கிடக்கின்றனவா? அப்படியானால் ஈசல் வீட்டுக்குள்ளிருந்தே புறப்பட்டிருக்கலாம். கவனம் தேவை.

ஒரு பேச்சைக் கேட்போம்

ஒரு வீட்டில் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் ஊர் ஆசாரியை அழைத்தார். இருவரும் பேசுவதைக் கேளுங்கள்.

அக்கா: வாங்க ஆசாரி. நிலையெல்லாம் மண்ணு ஏறிக் கிடக்கு. பீரோவும் அரிச்சுப் போச்சு. டவுன்ல இருந்து ஒருத்தர் வந்தார். சுத்தி பெட்டி வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்னு சொன்னார். பணத்தையும் எடுத்து வெச்சுட்டேன்.

ஆசாரி: கொஞ்சம் பொறுங்க அக்கா. அவர் வீட்டுக்குள்ள வந்து பார்த்தாரா?

அக்கா: இல்லையே. வாசல்ல நின்னுதான் பேசினார்.

ஆசாரி: சரி, நாம பார்ப்போம். டார்ச்சைக் கொடுங்க. நிலையில இருக்கிறது மண் குழாய். இதோ, உடைச்சதும் வெள்ளையா ஓடுது பாருங்க. உயிர் இருக்கு.

அக்கா: அய்யய்யோ! துடைப்பத்தை எடுத்துட்டு வரேன்.

ஆசாரி: வேண்டாம் அக்கா. இப்பத் துடைச்சா அது வேற வழியில போயிடும். அப்புறம் எங்கேன்னு தேடுறது? இந்தச் சுவருக்குப் பின்னால என்ன?

அக்கா: குளியலறை. குழாய் ஒரு வருஷமா ஒழுகுது.

ஆசாரி: அதுதான் அதுக்குத் தண்ணி. முதல்ல அதை அடைங்க. இப்பப் பீரோவைப் பார்ப்போம். கீழே பாருங்க, மண்ணு இருக்கா?

அக்கா: மண்ணு இல்லை. கசகசா மாதிரி கொட்டிக் கிடக்கு.

ஆசாரி: இது மரக் கரையான். பீரோவுக்குள்ளேயே குடியிருக்கு. இது தரைக்கு இறங்கி வராது. நீங்க வெளியே மண்ணுல எத்தனை பெட்டி வெச்சாலும் இதுக்குத் தெரியாது.

அக்கா: அப்போ பெட்டி வெச்சும் பீரோ போயிருக்குமா?

ஆசாரி: போயிருக்கும். நிலைக்கு ஒரு வைத்தியம், பீரோவுக்கு ஒரு வைத்தியம். பீரோவை முதல்ல வெளியே எடுத்து வைங்க. அரிச்ச பலகையை மாத்திடுவோம்.

அக்கா: நல்ல வேளை, பணத்தைக் கொடுக்கல.

பார்த்தீர்களா? ஒரே வீடு. இரண்டு வகைக் கரையான். ஒரே மருந்து இரண்டுக்கும் ஆகாது.

நோட்டில் எழுதுங்கள்

பார்த்ததை மனத்தில் மட்டும் வைக்காதீர்கள். மறந்துபோகும். நோட்டில் எழுதுங்கள். இப்படி எழுதலாம்.

தேதி: ஜூன் 12
இடம்: வாசல் நிலை, இடது கால்
பார்த்தது: மண் குழாய், 2 அடி உயரம்
உயிர் உண்டா: உண்டு. 3 நாளில் மறுபடி கட்டியது
ஈரம்: பின்னால் குளியலறை, குழாய் ஒழுக்கு

அடுத்த பக்கத்தில் வீட்டின் படம் வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. நான்கு சுவர், கதவு, ஜன்னல் தெரிந்தால் போதும். கரையான் இருக்கும் இடத்தில் 'க' என்று எழுதுங்கள். ஈரம் உள்ள இடத்தில் 'ஈ' என்று எழுதுங்கள். விறகு இருக்கும் இடத்தில் 'வி' என்று எழுதுங்கள்.

படத்தைப் பாருங்கள். 'க' எங்கே இருக்கிறதோ அங்கே பெரும்பாலும் 'ஈ' அல்லது 'வி' பக்கத்தில் இருக்கும்.

ஒரு பானைச் சோதனை

தீனிப் பெட்டிக்குப் பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யலாம். செலவு இல்லை.

பழைய மண் பானைகள் இரண்டு மூன்று எடுங்கள். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போடுங்கள். அட்டைப் பெட்டியைக் கிழித்துத் தண்ணீரில் நனையுங்கள். சுருட்டிப் பானைக்குள் அடையுங்கள். சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி மண்ணில் புதையுங்கள். வாயை ஓட்டால் மூடுங்கள். மருந்து எதுவும் போடாதீர்கள். அட்டை காய்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை மெதுவாகத் திறந்து பாருங்கள். எந்தப் பானையில் கரையான் வந்ததோ அந்தப் பக்கம் அது நடமாடுகிறது. தீனிப் பெட்டியை அங்கே வைத்தால் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு. பானையில் சேர்ந்த கரையானைக் கோழிக்கும் போடலாம். பக்கத்தில் பூச்சி மருந்து தெளித்திருந்தால் மட்டும் போடக் கூடாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மண் கரையான், உயிரோடு இருக்கிறது. வரும் வழியும் தெரிகிறது. இப்போது இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று தீனிப் பெட்டி. வெளியே மண்ணில் பதிக்கும் பெட்டி உண்டு. சுவரில் நடப்பில் உள்ள குழாயின் மேலேயே பொருத்தும் பெட்டியும் உண்டு. வெளிப் பெட்டிகளைச் சுமார் 10 அடிக்கு ஒன்றாக வீட்டைச் சுற்றி வைப்பார்கள். இதில் மருந்து குறைவு. தரையைத் துளைக்க வேண்டாம். கிணறு பக்கத்தில் இருக்கிற வீட்டுக்கும், குழந்தைகள் தரையில் தவழ்கிற வீட்டுக்கும் இது ஏற்றது. ஆனால் மாதக் கணக்கில் பொறுமை வேண்டும். ஆள் திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டும். புற்றுக்குள் பூஞ்சைக் காளான் வளர்த்துத் தின்னும் கரையான் நம் நாட்டில் அதிகம். அது சில நேரம் இந்தத் தீனியை எளிதில் தொடாது. அதனால்தான் பானைச் சோதனையும், தொடர்ந்து பார்ப்பதும் முக்கியம்.

இன்னொன்று திரவ மருந்து. சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓர் அடிக்கு ஓர் ஓட்டை போட்டு மருந்து ஊற்றுவார்கள். இது விரைவில் தடுக்கும். ஆனால் மருந்து அதிகம். கிணறோ ஆழ்குழாயோ பக்கத்தில் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த வேலைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதி வகுத்திருக்கிறது. அதன் எண் ஐ.எஸ். 6313. "இந்த விதிப்படி செய்வீர்களா?" என்று கேளுங்கள்.

மரக் கரையான் என்றால் மண்ணில் பெட்டி வைப்பது வீண். அரித்த மரத்தை மாற்ற வேண்டும். அல்லது அந்த மரத்துக்கே மருந்து ஏற்ற வேண்டும்.

வண்டு என்றால் கரையான் மருந்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பழைய குழாய் மட்டும்தான், உயிர் இல்லை என்றால் இப்போது செலவு வேண்டாம். ஈரத்தை நிறுத்துங்கள். மாதம் ஒரு முறை பாருங்கள்.

எந்த வழியானாலும் ஒரு வேலையை முதலில் செய்யுங்கள். ஒழுகும் குழாயை அடையுங்கள். விறகைச் சுவரிலிருந்து தள்ளி, கல்லின் மேல் அடுக்குங்கள். டிரங்குப் பெட்டியைச் செங்கல் மேல் வையுங்கள். இதற்குச் செலவு குறைவு.

மருந்து வைக்க ஆள் வந்தால்

தயங்காமல் கேளுங்கள்.

உங்களிடம் உரிமம் இருக்கிறதா? காட்டுங்கள்.
வீட்டுக்குள் வந்து எல்லா இடமும் பார்த்தீர்களா?
இது எந்த வகைக் கரையான்?
எத்தனை பெட்டி? எங்கெங்கே?
எத்தனை முறை வந்து பார்ப்பீர்கள்?
கரையான் திரும்ப வந்தால் என்ன செய்வீர்கள்?

பதிலைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். நீங்களே படித்துப் பாருங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

மருந்து டப்பாவையும் படியுங்கள். பெயர், பதிவு எண், காலாவதித் தேதி பாருங்கள். டப்பாவில் ஒரு சாய்ந்த சதுரம் இருக்கும். அதன் கீழ்ப் பாதியில் வண்ணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் என்றால் கடும் நஞ்சு. நீலம் என்றால் நடுத்தர நஞ்சு. பச்சை என்றால் குறைந்த நஞ்சு. பச்சையும் நஞ்சுதான். மறக்காதீர்கள்.

முன்பு கரையானுக்குப் போட்ட ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவை 1996இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டன. பி.எச்.சி. தூள் 1997இல் தடை செய்யப்பட்டது. பழைய டப்பா வீட்டில் இருந்தால் தொடாதீர்கள். வாய்க்காலில் கொட்டாதீர்கள். வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள்.

தீனிப் பெட்டி வைத்த பிறகு

பெட்டியை நீங்கள் திறக்காதீர்கள். ஆட்டினால் கரையான் ஓடிவிடும். பெட்டியின் பக்கத்தில் மண்ணெண்ணெய், பினாயில், பூச்சி மருந்து எதுவும் தெளிக்காதீர்கள். வாடை பட்டால் கரையான் தீனியைத் தொடாது. பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

ஆள் வந்து பார்க்கும் நாளை நோட்டில் குறியுங்கள். எந்தப் பெட்டியில் தீனி குறைந்தது என்று கேட்டு எழுதுங்கள். கூட்டம் அழிந்த பிறகும் பார்ப்பதை விடாதீர்கள். வேறு கூட்டம் வரலாம். ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், வீட்டைச் சுற்றிப் பாருங்கள்.

கரையான் சத்தம் போடாமல் வேலை செய்யும். நாம் பார்க்காத நாள்தான் அதற்கு நல்ல நாள். ஒரு டார்ச், ஒரு திருப்புளி, ஒரு நோட்டு. அரை நாள் உழைப்பு. நம் வீட்டையும் பணத்தையும் காக்க இவ்வளவு செய்ய மாட்டோமா?

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் ஊரில் கரையானுக்கு என்ன செய்கிறார்கள்? அதில் எது பலன் தந்தது?
2. மண் குழாயை உடனே ஏன் துடைக்கக் கூடாது?
3. அந்த அக்கா வீட்டுப் பீரோவுக்குத் தீனிப் பெட்டி ஏன் உதவாது?

எழுதிப் பார்ப்போம்

1. கரையானுக்கு வேண்டியவை இரண்டு. அவை ________, ________.
2. கசகசாபோல எச்சம் இருந்தால் அது ________ கரையான்.
3. மருந்து டப்பாவில் சிவப்பு வண்ணம் இருந்தால் அது ________ நஞ்சு.

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டின் படத்தை வரையுங்கள். 'க', 'ஈ', 'வி' குறியுங்கள். அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் படத்தோடு சேர்த்துப் பாருங்கள்.